மலைச் சவாரிக்குப் பின் குதிரை நொண்டினால் லாடம்தான் காரணமா?

சமதளத்தில் நன்றாக நடக்கும் குதிரை, மலைப்பாதையில் மூன்று மணி நேரம் சென்று திரும்பியதும் முன்னங்காலில் நொண்டுகிறது, என் எடை 62 கிலோதான், ஆகவே லாடத்தில்தான் குறையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ராயபுரத்தில் ஜட்கா குதிரைகளுக்கு லாடம் அடித்த குடும்பத்தில் பிறந்து, இன்றும் அதே தொழிலைச் செய்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. குதிரை நொண்டினால் முதல் வசவு லாடக்காரனுக்குத்தான். தன் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுகிறான் என்று சிலர் சொல்லக்கூடும். ஆணி தவறி இறங்கி நொண்டிய குதிரைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் லாடம் அடித்த சில நாட்களுக்குள், சமதளத்திலும் நொண்டும்.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களில் இருக்கிறது. குதிரைக்குக் காறையெலும்பு (தோளை மார்போடு இணைக்கும் எலும்பு) கிடையாது. அந்தக் கால்களை உடலோடு பிணைத்திருப்பவை தசைகளே. ஆகவே சவாரி செய்பவரின் எடை எவ்வளவு என்பதோடு, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் கணக்கில் வரும்.

மாதவரம் பக்கம் ஒருவர் வளர்த்த பெட்டைக் குதிரைக்கும் இதே தொல்லை இருந்தது. குளம்பில் குறையில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகும், லாடத்தை மாற்றும்படி உரிமையாளர் என்னிடம் சொன்னார். அவர் சவாரி முடித்துச் சேணத்தை இறக்கியபோது முதுகைப் பார்த்தேன்: வலப்புறம் சீராக வியர்த்திருக்க, இடப்புறம் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு. அழுத்தம் மிகுந்த இடம் அப்படி வியர்க்காமல் போவதுண்டு. அங்கவடிகளை, அதாவது சவாரி செய்பவர் கால் வைக்கும் வளையங்களை, சேணத்தில் தொங்கவிடும் வார்கள் இரண்டையும் கழற்றிச் சேர்த்துப் பிடித்தபோது, இடது வார் ஒரு விரற்கடை நீண்டிருந்தது. எப்போதும் இடப்பக்கமாகத் தரையிலிருந்தே மிதித்து ஏறினால் அந்த வார் இழுபட்டுவிடும். அதை எட்டி மிதிக்கச் சவாரி செய்பவரின் உடலும் இடப்புறம் சாயும். சமதளத்தில் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வு, இறக்கத்தில் அடிக்கு அடி இடது தோளில் போய் இறங்கும்.

வார்களை இடம் மாற்றி, மேடையில் நின்று ஏறச் சொன்னேன். ட்ராட்டில், அதாவது குறுக்கெதிர்க் கால்கள் ஜோடி ஜோடியாக ஊன்றும் மிதமான ஓட்டத்தில், எழுந்து எழுந்து அமரும்போது எப்போதும் ஒரே ஜோடி ஊன்றும்போதே அமராமல் மாற்றி அமரவும், ஏற்றத்தில் சற்று முன்னால் வரவும், இறக்கத்தில் மல்லாந்து சாயாமல் நிமிர்ந்திருக்கவும் சொன்னேன். ஓய்வுக்குப் பின் குதிரை சீராக நடந்தது. ஆனால் லாடம் அடித்தால்தானே கூலி என்று அவர் கைவிரித்துவிட்டது வேறு கதை.

இப்போதைக்குச் சவாரியை நிறுத்துங்கள். ட்ராட்டில் சிறிது தூரம் கையில் பிடித்து ஓட்டி, எந்த முன்னங்கால் ஊன்றும்போது தலையைத் தூக்குகிறது என்று பாருங்கள். வலி பெரும்பாலும் அந்தக் காலில்தான். பிறகு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். போகும்போது சேணத்தையும் வார்களையும் எடுத்துச் செல்லுங்கள்.