பில்லிங் செயலி வாங்குமுன் என்ன கேட்க வேண்டும்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். நோட்டுக் கணக்கை விட்டுவிட்டு பில்லிங் செயலிக்கு மாறலாம் என்று இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் ஆள் வந்து, "எங்களுடையது ஓபன் பிளாட்ஃபார்ம். மூன்று வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் பாதி விலை" என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: மூன்று வருடப் பணத்தை இப்போதே கட்டாதீர்கள். ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள். மாதச் சந்தாவே கிடையாது என்றால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள்.

ஓபன், அதாவது நம் கணக்கை எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்துப் போகலாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையா என்று பார்க்க, அந்த ஆள் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே கணக்கை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பொருள்களையும் நாலைந்து வாடிக்கையாளர்களின் கடன் பாக்கியையும் ஏற்றி, இரண்டு பில் போடுங்கள். பிறகு பொருள் பட்டியல், பில் விவரம், யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கித் தரச் சொல்லுங்கள். பொருள் பட்டியல் சட்டென்று வந்துவிடும். கடன் பாக்கியைக் கேட்கும்போதுதான் சிலர் "பிடிஎஃப் மட்டும்தான் சார்" என்று இழுப்பார்கள். பிடிஎஃப்பைப் படிக்கலாம், அச்சடிக்கலாம். அதை அப்படியே இன்னொரு செயலியில் ஏற்றுவது பெரும்பாடு. தெருவில் பாதிப்பேரின் பாக்கியை மறுபடி கையால் அடிக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அதனால்தான் பல கடைக்காரர்கள் பிடிக்காத செயலியிலேயே வருடக்கணக்காகக் கிடக்கிறார்கள்.

கோப்பு கிடைத்ததும் வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். உளுத்தம்பருப்பு, கடலை எண்ணெய் என்று தமிழில் ஏற்றிய பெயர்கள் கிறுக்கலாகத் தெரிந்தால் பதற வேண்டாம். அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் சிஎஸ்வி கோப்பாகக் கொடுத்திருந்தால், அதை எக்செலில் நேராகத் திறக்கும்போது அப்படி ஆவதுண்டு. டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து எழுத்துக் குறியீட்டு முறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அப்படியும் எழுத்து தெரியவில்லை என்றால் அந்தச் செயலி வேண்டாம். தமிழைச் சரியாகச் சேமிக்காத செயலியை நம் ஊர்க் கடையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் இன்னொன்றும் உண்டு. அந்தந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம்வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும். உங்கள் சந்தாவோ மூன்று வருடம்தான். அப்புறம் புதுப்பிக்காவிட்டால் பழைய பில்களைப் பார்க்க விடுவார்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு நல்ல நிறுவனமாக இருந்தாலும், மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி பென்டிரைவில் போட்டு வைத்துவிடுங்கள்.

கேள்வி: கடலூரில் கல்லூரியில் படிக்கிறேன். வாடிக்கையாளர் விட்டுப்போக இவ்வளவு எளிதாக வழி வைத்தால் ஒரு நிறுவனம் எப்படி வளரும்? பிடித்து வைத்துக்கொள்வதுதானே வியாபாரம்?

பதில்: மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்கும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் க்யூஆர் அட்டையைப் பாருங்கள். அதில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். ஆனால் எந்த யூபிஐ செயலியாலும் பணம் போடலாம், எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் போடலாம். முன்பெல்லாம் தங்கள் செயலியில் மட்டுமே வேலை செய்யும் சொந்தக் குறியீட்டையும் நிறுவனங்கள் கடைகளில் ஒட்டிவந்தன. 2016-ல் யூபிஐ வந்தது. 2020 அக்டோபர் 22 அன்று ரிசர்வ் வங்கி, இனி அப்படிப்பட்ட சொந்தக் குறியீடுகளைப் புதிதாக வெளியிடக் கூடாது, இருப்பவற்றையும் 2022 மார்ச் 31-க்குள் பொதுக் குறியீட்டுக்கு மாற்ற வேண்டும் என்று உத்தரவிட்டது. அதனால் எந்த நிறுவனமும் படுத்துவிடவில்லை. எந்தச் செயலி வைத்திருப்பவரும் எந்தக் கடையிலும் பணம் கொடுக்கலாம் என்று ஆனதால்தான் பத்து ரூபாய் டீக்கும் ஆட்கள் போனை எடுக்கிறார்கள். வாடிக்கையாளரைப் பூட்டி வைக்க முடியாதபோது, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டி மாதிரி ஏதாவது வசதி செய்து கொடுத்துத்தான் ஆளைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

சில சமயம் நிறுவனமே கதவைத் திறப்பதும் உண்டு. நாம் சேமித்த படங்கள் போன்றவற்றை மொத்தமாக இறக்கிக்கொள்ளும் டேக்அவுட் வசதியை கூகுள் 2011-ல் கொண்டுவந்தது. ஆனால் நம் நாட்டில் பெரிய கதவுகள் பலவும் விதி போட்டுத்தான் திறந்தன என்பது என் கருத்து. எண்ணை மாற்றாமலே செல்போன் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுக்க வந்ததும் அப்படித்தான்.

பாதை பொதுவாக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் யூபிஐதான் சாட்சி. இன்றும் பரிவர்த்தனைகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகள் வழியாகவே நடக்கிறது. ஒரு செயலிக்கு 30 சதவீதம்தான் உச்சவரம்பு என்று, யூபிஐயை நடத்தும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2020-ல் அறிவித்தது. அதற்கான கெடு 2026 டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. இது எனக்குக் கவலை தரும் விஷயம்.

கேள்வி: வில்லியனூரில் டைப்பிங் சென்டர் நடத்துகிறேன். காசு கொடுக்காமல் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருளை வைத்து வேலை பார்க்கலாமா?

பதில்: தாராளமாக. 2010 முதல் இருக்கிறது, மூல நிரல் எல்லார் பார்வைக்கும் திறந்திருக்கிறது, தமிழும் நன்றாக வரும். வாடிக்கையாளர் வேர்டு கோப்பு கேட்டால் அந்த வடிவிலேயே சேமித்துக் கொடுங்கள். அட்டவணை நிறைய இருந்தால் மட்டும் பக்க அமைப்பை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். மகனுக்காக ஒரு பாடச் செயலியை முதல் மாதம் இலவசம் என்று போட்டோம். இப்போது மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள். செயலியை அழித்தும் நிற்கவில்லை. நிறுவனம் பெங்களூரில் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: செயலியை அழித்தால் பணம் பிடிப்பது நிற்காது அம்மா. நீங்கள் கொடுத்த அனுமதி உங்கள் யூபிஐ செயலியில் அப்படியே இருக்கும். அங்கே ஆட்டோபே என்ற பகுதிக்குப் போய் அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள். இதற்கு நிறுவனத்தின் சம்மதம் தேவையில்லை, இன்றைக்கே செய்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வந்திருக்க வேண்டும். வந்ததா என்று பழைய குறுஞ்செய்திகளில் தேடுங்கள். வரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

சேர்வதை எளிதாகவும் விலகுவதைச் சிக்கலாகவும் வைப்பது சந்தாப் பொறி. 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் இதுவும் ஒன்று. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள்.

அதற்கும் பலன் இல்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே தொடரலாம். பெங்களூருக்கு அலைய வேண்டாம். புதுச்சேரியில் பொருள் வாங்கி ஏமாந்த கடலூர்க்காரர்களுக்கும் இதே வழிதான். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.

அழித்த செயலியில் இருந்த ரசீதுகள் மின்னஞ்சலுக்கும் வந்திருக்கலாம், தேடிப் பாருங்கள். வங்கிக் கணக்கு விவரத்தில் பணம் போன ஒவ்வொரு வரியையும் குறித்து அச்செடுத்து அதையும் புகாரோடு இணையுங்கள்.