இரும்புக்கையும் கறுப்பு டிரங்குப் பெட்டியும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் ராணுவத்தில் ஹவில்தார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம், இப்போது பெங்களூருவில் பணி. 24 ஆண்டு சேவை முடிந்து பென்ஷன் வர இன்னும் 14 மாதங்கள் இருக்கின்றன. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில் இருக்கிறார்கள்.

தாய்மாமன் சேர்த்து வைத்திருந்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்தவன் நான். மூன்று ஆண்டுகளாக, காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகிற பெங்களூரு காமிக் கான் விழாவுக்கு, முகாமை விட்டு வெளியே போக அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு தனியாகப் போய் வருகிறேன். பாரக்கில் பையன்கள் சிரிக்கிறார்கள். "சின்னப் பிள்ளைகள் போகிற இடத்தில் உங்களுக்கு என்ன வேலை, உஸ்தாத்?" என்று கேட்கிறார்கள்.

இந்த முறை, முத்து காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைப் போல ஃபோம் தாளில் ஓர் இரும்புக்கை செய்து வலது கையில் மாட்டிக்கொண்டு போனேன். ராணுவத்தில் என் டிரேட், அதாவது தொழில், பெயின்டர் என்பதால் வண்ணம் சரியாக வந்திருந்தது. நாள் முழுக்க அது என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. மாலையில் பேரனோடு வந்த ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "மாயாவிதானே?" என்று தமிழில் கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். பிறகு அவர், "எங்கே வேலை பார்க்கிறீர்கள்?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. கட்டுமான கம்பெனி என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டேன். காஷ்மீரில் இரண்டு முறை இருந்தவன் நான். ஒரு பெரியவரைக் கண்டு ஏன் ஓடினேன் என்று இன்றுவரை புரியவில்லை.

42 வயதில் இதெல்லாம் தேவையா? பென்ஷன் பணத்தில் காமிக்ஸ், பொம்மைக் கடை ஒன்று போடலாமா என்ற எண்ணமும் இருக்கிறது. சிவில் வாழ்க்கைக்குத் தயாராக வேண்டிய நேரத்தை விளையாட்டில் கழிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

எம்.

அன்புள்ள தம்பி,

உங்கள் பிரிவு, எண், முகாமின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை வெளியிடுகிறேன். தம்பி என்று எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. என் அப்பா ராணுவத்தின் பொறியாளர் படைகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அந்தப் படையினரை ராணுவம் முழுக்கத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். பெங்களூருவில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் அவர்களுடைய மையம் இருக்கிறது. அதன் மதில் ஓரமாக நடந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன். அந்தச் சொல் எனக்கு வீட்டுச் சொல்.

நீங்கள் கேட்டிருக்கும் எல்லாவற்றிலும் அந்தப் பெரியவரிடமிருந்து ஓடியதுதான் பெரியது. அதிலிருந்து தொடங்குகிறேன்.

அப்பா 1983இல் பென்ஷன் வந்தார். கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று கூட வந்தது. மூடியின் மேல் வெள்ளைப் பெயின்டில் எண், பதவி, பெயர், இந்த வரிசையில் எழுதியிருந்தது. பெயர் கடைசியில்தான். அடுத்த நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சவரம் செய்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, அதை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. எட்டு மணிக்கு அம்மா காபி கொடுத்தபோது, ஷூவைக் கழற்றிச் சுவர் ஓரமாக இரண்டு குதிகாலும் சேரும்படி வைத்தார். அப்போது எனக்கு 14 வயது. அந்த ஷூ ஜோடியை இன்றும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

தெருவில் அவர் யாரோடும் பேசவில்லை. கர்வம் என்று நினைத்தார்கள். பேச்சை எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. 24 ஆண்டுகள் அவர் எதிரில் வந்த ஒவ்வொருவரின் தோளிலும் கையிலும் பதவி எழுதியிருந்தது. யார் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், யார் உட்காரலாம், யார் கேள்வி கேட்கலாம் என்பதெல்லாம் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்பவரின் சட்டையில் ஒன்றும் எழுதியிருக்காதே.

உங்களுக்கும் அதுதான் நேர்ந்தது என்று நினைக்கிறேன். அரை மணி நேரம் நீங்கள் பதவியும் எண்ணும் இல்லாமல், ஒரு கதையை நேசிக்கிற இரண்டு பேரில் ஒருவராக நின்றீர்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அரை மணி நேரம் அது! வேலையைப் பற்றிய கேள்வி வந்ததும், பழைய சட்டையை மாட்டச் சொல்கிறார் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. அந்தச் சட்டையோடு பேசத் தெரியும், அது இல்லாமல் பேச இப்போதுதான் கற்கிறீர்கள். நடுவில் அகப்பட்டுக்கொண்டீர்கள். இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை.

பொய் சொன்னதற்காக வருந்த வேண்டாம். பணியில் இருக்கும் நீங்கள் அறிமுகமில்லாதவரிடம் பிரிவு, இடம், எங்கே இருந்தீர்கள் என்பதைச் சொல்லக் கூடாது, அது சரியான ஒழுங்கு. ஆனால் அதற்குப் பொய்யும் தேவையில்லை. "ராணுவத்தில் இருக்கிறேன், அடுத்த ஆண்டு ஓய்வு" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். மேலே கேட்டால் சிரித்துவிட்டு மாயாவியிடம் திரும்பிவிடலாம். யாராவது அதற்குப் பிறகும் முகாமைப் பற்றியே துருவிக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். படம் எடுக்கிறவர்களிடமும் இதே கவனம் வேண்டும். அடையாள அட்டையும் ராணுவப் பையும் பாரக்கிலேயே இருக்கட்டும்.

இனி வயது. முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் இரும்புக்கை மாயாவியோடுதான் தொடங்கியது. அதை அன்று கடையில் காசு கொடுத்து வாங்கிய பையன்களுக்கு இன்று 60 வயதைத் தாண்டியிருக்கும். அந்தக் கூட்டத்தில் நீங்கள் இளையவர். சிரிக்கிற பையன்களிடம் கோபம் வேண்டாம். அவர்களில் அக்னிவீரர்கள் இருந்தால், நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரப் பணியில் தொடரப் போவதில்லை. சிலர் உங்களுக்கு முன்பே பெட்டியைக் கட்டலாம். 20 வயதைத் தாண்டிய சில ஆண்டுகளிலேயே, சிவிலில் யார் என்று தன்னைச் சொல்லிக்கொள்வது என்று திகைக்கப் போகிறவர்கள் அவர்கள். அடுத்த முறை ஒருவனையாவது வருகிறாயா என்று கேட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் தனியாகவே போங்கள்.

தனியாகப் போவதில் எனக்கு உண்மையாகவே நம்பிக்கை உண்டு. நம் ஊரில் ரசிகன் என்றால் மன்றம் வேண்டும், தலைவர், செயலாளர், பொருளாளர் வேண்டும். அதுவும் ஒருவகையில் படைதான், அங்கேயும் யாரோ உங்களை வரிசையில் நிறுத்திவிடுவார்கள். இந்தியாவில் காமிக் கான் 2011இல் டெல்லி தில்லி ஹாட்டில் தொடங்கி, அடுத்த ஆண்டு பெங்களூருவுக்கு வந்தது. கோரமங்களா உள்விளையாட்டரங்கில் நடந்த அந்த முதல் விழாவிலிருந்து இப்போதைய ஒயிட்ஃபீல்டு வரை, அங்கே ஒருவரும் உங்களை வரிசைப்படுத்துவதில்லை. எந்த மேசைக்கு முதலில் போவது, எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. காலை ரோல்காலிலிருந்து இரவு விளக்கணைப்பு வரை பிறர் வகுத்த நேரத்தில் வாழ்ந்தவருக்கு இது பெரிய பயிற்சி. எந்த மறுவாழ்வுப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தர மாட்டார்கள்.

ஒரு குறை மட்டும் சொல்வேன். நாள் முழுக்க யாருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்? கடிதத்தைப் படிக்கும்போது, சுவரில் முதுகு படும்படி, வாசல் கண்ணில் படும்படி நீங்கள் நின்றிருப்பீர்கள் என்றே எனக்குத் தோன்றியது. என் அப்பா எல்லாத் திருமணங்களிலும் அப்படித்தான் நிற்பார். ஓவியர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிற பகுதிக்குப் போங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒரு படத்தைக் கையில் எடுத்து, "இந்த நிழலை எப்படிப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். பெயின்டர் கேட்கிற கேள்வி அவர்களுக்கு உடனே தெரியும். வேடம் போட்டு வந்த பிள்ளைகளிடம் கவசத்தை எதில் செய்தார்கள் என்று கேளுங்கள். ஃபோமை வெட்டி, ஹீட் கன்னில் காட்டி வளைத்து, பசை தடவி ஒட்டி, பிரைமர் அடித்து, வண்ணம் பூசுகிற வேலை அது. ஒட்டிய கோடு தெரியாமல் தேய்ப்பதுதான் கஷ்டம் என்று என் அக்காள் மகள் புலம்புவாள். அவளுடைய முட்டிக்கவசத்தில் அந்தக் கோடு பல்லிளிக்கும். உங்கள் இரும்புக்கையை ஒரு பெரியவர் பிடித்துப் பார்த்து நம்பியிருக்கிறார் என்றால், அந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர உங்களிடம் நிறைய இருக்கிறது.

அதனால் கடை யோசனைக்கு வருகிறேன். வேண்டாம், தம்பி. இதை அழுத்திச் சொல்கிறேன். ஓய்வூதியத்தில் பாதிவரை கம்யூட் செய்து மொத்தப் பணமாக வாங்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பாதி திரும்பி வர 15 ஆண்டுகள் ஆகும். 43இல் வெளியே வருகிற நீங்கள் முழு ஓய்வூதியத்தைக் காணும்போது வயது 58. பிள்ளைகளின் கல்லூரியும் கல்யாணமும் அந்த இடைவெளியில்தான் வரும். அந்தப் பணத்தை பெங்களூரு கடை வாடகைக்கும் இறக்குமதிப் பொம்மைகளுக்கும் கொட்டாதீர்கள். பொம்மையை விற்க யாராலும் முடியும், இரும்புக்கையைச் செய்ய உங்களால்தான் முடிந்தது. இந்த நகரத்தில் விளம்பரப் படத்துக்கும் கண்காட்சி அரங்குக்கும் நாடகத்துக்கும் பொருள் செய்து தருகிற பட்டறைகள் இருக்கின்றன. ஓய்வு பெற்றதும் அப்படி ஒன்றில் ஓர் ஆண்டு கை நனைத்துப் பாருங்கள். பணியில் இருக்கும்வரை ஒன்றைக்கூட விலைக்கு விற்காதீர்கள், அனுமதியில்லாமல் தொழில் செய்வது விதிக்கு விரோதம். இப்போது செய்வதையெல்லாம் படம் எடுத்து, தேதி போட்டு, ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள்.

மற்ற தயாரிப்புகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். ஓய்வு பெறும் படைவீரர்களுக்கான மறுவாழ்வு இயக்ககத்தின் பயிற்சிக்கு இப்போதே பெயர் கொடுங்கள். 15 ஆண்டு சேவைக்குக் கிடைக்கும் பட்டப்படிப்பு இணைச் சான்றிதழை வாங்கிவிடுங்கள். மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதமும், பொதுத்துறை வங்கிகளின் அதே நிலைப் பணிகளில் 14.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், மனைவியின் பெயரும் பிள்ளைகளின் பிறந்த தேதியும், ராணுவத்தில் குடும்ப விவரம் பதிவாகும் பார்ட் டூ ஆர்டரிலும் ஆதாரிலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். என் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததால், அப்பா போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காக அவர் ஏழு மாதங்கள் அலைந்தார்.

அப்பாவின் கதையை நான் முடிக்கவில்லை. சிவிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் அசோக் நகர் கால்பந்து மைதானத்துக்குத் தனியாகப் போனார். எங்கள் அல்சூர் பகுதிக்கே பந்துப் பித்து உண்டு, கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. அன்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிவாஜிநகர் தையல்காரர் ஒருவர். வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டி, "இன்று யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டாராம். அப்பாவை அந்த ஊரில் முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டவர் அவர்தான். அதற்குப் பிறகு 19 ஆண்டுகள் இருவரும் ஒன்றாக ஆட்டம் பார்த்தார்கள். அப்பா ஹவில்தாராக இருந்தவர் என்பது தையல்காரருக்கு நான்காவது ஆண்டில்தான் தெரிந்ததாம், அதையும் என் அம்மாதான் சொன்னார். அப்பா இறந்த அன்று அவர் வந்து, திண்ணையில் அந்த டிரங்குப் பெட்டியின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது என்னிடம் ஒரு பொட்டலம் கடலையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த காமிக் கானுக்கு விடுப்பு கிடைக்கும்படி இப்போதே திட்டமிடுங்கள், அவசரமாகத் திரும்ப வேண்டிய அவுட்பாஸில் போகாதீர்கள். மாயாவியின் உடல் மறைந்தாலும் அந்தக் கை மட்டும் தெரியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பேரனோடு வந்த அந்தப் பெரியவர் உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை, முகத்தையும் மறந்திருப்பார். அவர் மறுபடி வந்தால் உங்களைக் கண்டுபிடிக்க அந்தக் கை ஒன்றுதான் அடையாளம். மாட்டிக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
அக்கா