கிராண்ட்ஸ் ஆபீஸ் வேலைக்குப் போகலாமா? 2013 முதல் அதில் இருப்பவளின் பதில்

கேள்வி: பி.காம் முடித்து மூன்று வருடமாக ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். ஒரு ஆராய்ச்சி அறக்கட்டளையில் 'கிராண்ட்ஸ் அண்ட் கான்ட்ராக்ட்ஸ் அசோசியேட்' வேலைக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது என்ன வேலை? அதில் எதிர்காலம் உண்டா?

போகலாம். ஆனால் ஆடிட்டர் ஆபீஸில் செலவு முடிந்த பிறகுதான் வவுச்சர் உங்கள் மேசைக்கு வரும். இங்கே செலவு நடப்பதற்கு முன்பே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

நானும் உங்களைப் போல வந்தவள்தான். மதுரையில் ஒரு ஆடிட்டரிடம் நான்கு வருடம். சிஏ இன்டரில் ஒரு குரூப் தேறியது. இன்னொன்றை மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு, சரி போதும் என்று 2013-ல் சென்னையில் ஒரு லாப நோக்கற்ற ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தேன். அம்மா இன்றுவரை சொந்தக்காரர்களிடம் "ஏதோ விஞ்ஞானிங்களுக்குக் கணக்கு எழுதுறா" என்றுதான் சொல்கிறார். பாதி சரி.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். ஒரு விஞ்ஞானி திட்டம் எழுதி, டிஎஸ்டி, டிபிடி, ஐசிஎம்ஆர் போன்ற அரசு அமைப்புகளிடமோ வெளிநாட்டு அறக்கட்டளையிடமோ நிதி கேட்கிறார். கிடைத்தால் எல்லாரும் "அவருடைய கிராண்ட்" என்பார்கள். காகிதத்தில் அது அவருடையது இல்லை. நிதி தரப்படுவது நிறுவனத்துக்கு, கையெழுத்துப் போடுவதும் நிறுவனம். அவர் அந்தத் திட்டத்தை நடத்துபவர். ஆபீஸ் மொழியில் பி.ஐ. நாளைக்கு அவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனாலும், ஐந்து வருடம் கழித்து ஆடிட் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம்தான். அந்தப் பதிலை ஃபைலில் தயாராக வைத்திருக்கும் ஆள் நீங்கள்.

விண்ணப்பம் போவதற்கு முந்தைய வேலை, நிதி வந்த பிறகான வேலை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பெரிய நிறுவனங்களில் இரண்டுக்கும் தனித்தனி ஆட்கள் உண்டு. சிறிய இடத்தில் இரண்டும் ஒரே நாற்காலிக்கு வரும், கூடவே டாலி என்ட்ரியும் வரும்.

விண்ணப்பப் பக்கத்தில் ஒரே ஒரு கதை. சில வருடங்களுக்கு முன், மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான என்.ஐ.எச்.-இன் நிதிக்கு ஒரு பி.ஐ. எழுதிக்கொண்டிருந்தார். கடைசித் தேதி பிப்ரவரி 5, மாலை 5 மணி. "அமெரிக்க நேரம் 5 மணின்னா நமக்கு விடியற்காலை மூன்றரை, ராத்திரி முழுக்க டைம் இருக்கு" என்று நிம்மதியாக இருந்தார். அவர்கள் விதியிலோ, விண்ணப்பிக்கும் நிறுவனம் இருக்கும் ஊரின் நேரப்படி 5 மணி என்று இருக்கிறது. அன்று காலை 11 மணிக்கு நான் அதைக் காட்டியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். 4.40-க்கு அனுப்பினோம். அந்த நிதி கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அதற்குப் பிறகு எந்த அறிவிப்பு வந்தாலும் முதலில் என்னிடம்தான் அனுப்புவார்.

நிதி வந்த பிறகுதான் உங்கள் வருடம் ஆரம்பிக்கும். முதலில் வருவது சாங்ஷன் ஆர்டர், அதாவது நிதி ஒதுக்கீட்டு ஆணை. எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். விஞ்ஞானிகள் தொகை இருக்கும் பக்கத்தை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள், நிபந்தனைகள் அங்கேதான் இருக்கும். சம்பளம், கன்ஸ்யூமபிள்ஸ் (பயன்படுத்தித் தீர்ந்துபோகும் பொருட்கள்), பயணம், கன்டிஞ்சன்ஸி (சில்லறை, எதிர்பாராத செலவு), உபகரணம், ஓவர்ஹெட் (நிறுவனத்தின் பொதுவான மறைமுகச் செலவு) என்று ஒவ்வொன்றும் ஒரு 'ஹெட்', அதாவது செலவுத் தலைப்பு. ஒரு ஹெட்டில் மிஞ்சியதை இன்னொன்றில் செலவழிக்கலாமா, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதெல்லாம் நிதி கொடுப்பவருக்கு நிதி கொடுப்பவர் மாறும். உபகரண ஹெட்டைத் தொடுவதென்றால் அநேகமாக எல்லாருமே முன் அனுமதி கேட்பார்கள்.

அப்புறம் யுசி, அதாவது பயன்பாட்டுச் சான்றிதழ். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் படிவம் 12-ஏ. முன்வருட மிச்சம், வந்த தொகை, வட்டி, செலவு, கையிருப்பு என்று பார்க்க ஒரு பக்கச் சமாச்சாரம். நிதியாண்டு முடிந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அது போகாமல் அடுத்த தவணை வராது, அதனால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. தவணை வராவிட்டால் முதலில் அடிபடுவது திட்டத்தில் உதவித்தொகையில் இருக்கும் ஜேஆர்எஃப் பிள்ளைகள், அதாவது இளநிலை ஆராய்ச்சியாளர்கள். இன்று அவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய், அதோடு வீட்டு வாடகைப்படி. என் முதல் வருடத்தில், ஒரு யுசியில் வட்டித் தொகையை நான் காட்டாமல் விட்டதால் ஃபைல் திரும்பி வந்தது. சரிசெய்து அனுப்பி, தவணை வர நான்கு மாதம் ஆனது. அந்தத் திட்டத்தில் திருநெல்வேலிப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹாஸ்டல் ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்ததாகப் பிறகு காதில் விழுந்தது. அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் விட்ட வட்டி 1,843 ரூபாய்.

வட்டி விஷயம் எல்லாருக்கும் முதலில் வேடிக்கையாக இருக்கும். அரசு கொடுத்த மானியப் பணம் வங்கியில் கிடந்து குட்டி போட்டால், அந்தக் குட்டியும் அரசாங்கத்துடையது. அரசுக்குப் பணம் செலுத்தும் பாரத்கோஷ் இணையதளத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். இப்போது பல திட்டங்களில் பணம் நம் கணக்கில் வந்து உட்காருவதே இல்லை, செலவு வரம்பு மட்டும்தான் ஒதுக்குகிறார்கள். வட்டித் தொல்லை போய், மார்ச் 31-க்குள் செலவழிக்காத வரம்பு காலாவதியாகும் தொல்லை வந்திருக்கிறது. மார்ச் கடைசி வாரத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் என்னை யாரும் கூப்பிடுவதில்லை.

பாதித் திட்டத்தில் விதியே மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம். டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு அறிவியல் கருவிகள் மீது 5 சதவீத ஜிஎஸ்டிதான் இருந்தது. 2022 ஜூலை 18 முதல் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள், 18 சதவீதம் ஆனது. எங்கள் திட்டம் ஒன்றில் 40 லட்ச ரூபாய்க் கருவி, வரியோடு 42 லட்சம் என்று சாங்ஷன். சப்ளையர் ஆகஸ்டில் அனுப்பிய பில் 47 லட்சத்து 20 ஆயிரம். இடையில் இருக்கும் 5 லட்சத்து 20 ஆயிரத்தை யார் கொடுப்பது? சாங்ஷனுக்கு மேல் நிதி கொடுப்பவர் ஒரு ரூபாய் தரமாட்டார். பி.ஐ. "நீங்கதான் ஏதாவது பண்ணணும்" என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து, கருவியோடு சேர்ந்து வரும் யுபிஎஸ்ஸை நிறுவனத்தின் சொந்த நிதியில் வாங்குவது, ஒரு துணைப் பாகத்தை விட்டுவிடுவது, பயணத்தில் மிஞ்சியதை உபகரணத்துக்கு மாற்ற அனுமதி கேட்பது என்று பிய்த்துப் பிய்த்து ஒட்டினோம். அனுமதிக் கடிதம் வந்த பிறகே பர்ச்சேஸ் ஆர்டரைத் திருத்தினோம். இந்த வரிசை மாறியிருந்தால் மொத்தத் தொகையும் ஆட்சேபணையில் போயிருக்கும்.

வெளிநாட்டுப் பணம் தனி உலகம். எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ல் வந்தது. 2020 செப்டம்பர் இறுதியில் அதில் வந்த திருத்தம் எங்களைப் போன்றவர்களைப் புரட்டிப் போட்டது. வெளிநாட்டு நன்கொடை எல்லாம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. முக்கியமாக, ஒரு நிறுவனம் பெற்ற வெளிநாட்டு நிதியை இன்னொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது. எங்கள் கிராமப்புறத் திட்டங்களில் களப்பணி செய்தது சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்கள்தான். வருடக்கணக்காக அவர்களோடு போட்டிருந்த ஒப்பந்தங்களை ஒரே மாதத்தில் முடித்துவைத்தேன். கடிதம் எல்லாம் நான்தான் டைப் செய்தேன். அவர்களுடைய களப்பணியாளர்களில் சிலரை மட்டும்தான் எங்கள் பட்டியலில் எடுத்துக்கொள்ள முடிந்தது.

அந்த 20 சதவீதத்தில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, உங்கள் சம்பளத்தோடு தொடர்புள்ளது. ஆராய்ச்சியையே முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில், களத் தரவு சேகரிப்பவர், அதை அலசுபவர் ஆகியோரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. நாம் சேருவோம். அதனால் கணக்குப் போடும்போது நிறுவனத்தின் கண்ணில் முதலில் படும் செலவு நாம்தான். நிதி கொடுப்பவர்களும் ஓவர்ஹெட் என்றால் கையை இறுக்குவார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தங்கள் அரசோடு பேரம் பேசி 50, 60 சதவீதம்கூட மறைமுகச் செலவாக வாங்கி வந்தன. அதே என்.ஐ.எச். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வைத்த அளவு 8 சதவீதம். இந்த வேலையில் சம்பளம் ஏன் குறைவு என்று யாராவது கேட்டால் இதுதான் காரணம். நான் 19,000 ரூபாயில் சேர்ந்தேன். வங்கியில் சேர்ந்த என் கல்லூரித் தோழி எந்த வருடத்திலும் என்னைவிடக் குறைவாக வாங்கியதில்லை.

ஒப்பந்தப் பக்கம்தான் எனக்குப் பிடித்தது. பி.காம் படித்தவர்கள் பயந்து ஒதுங்குவதும் அதில்தான். வழக்கறிஞர் ஆக வேண்டியதில்லை. நான்கைந்து இடங்களைத் தேடிப் படிக்கத் தெரிந்தால் போதும், தொடங்கிவிடலாம். பணம் முன்பணமாக வருமா, செலவழித்துவிட்டு பில் அனுப்ப வேண்டுமா? இரண்டாவது வகை என்றால் ஆறு மாதச் சம்பளத்தை நிறுவனம் கையிலிருந்து போட வேண்டும், சின்ன அறக்கட்டளைக்கு அது கழுத்தில் கயிறு. வழக்கு வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்? கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம்? கட்டுரை வெளியிட யாருடைய சம்மதம் வேண்டும்? ஒருமுறை ஒரு கம்பெனி, முடிவுகளை வெளியிட "முன் எழுத்துப்பூர்வ ஒப்புதல்" கேட்டது. அப்படியென்றால் முடிவு அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் வெளியே வராது. அதை, 45 நாள் முன்னதாக அவர்களுக்குக் காட்டுவோம், கருத்துச் சொல்லலாம், தடுக்க முடியாது என்று மாற்ற எட்டு மின்னஞ்சல் ஆனது. அந்தப் பி.ஐ.க்கு இது நடந்ததே தெரியாது.

மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் இன்னும் ஒரு அடுக்கு. விதை, நுண்ணுயிர் என்றால் பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி பெரும்பாலும் தேவைப்படும். அதன் தலைமையகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக் கூட்டு மருத்துவ ஆய்வுகள் ஐசிஎம்ஆர் வழியாக சுகாதார அமைச்சகத்தின் குழுவுக்குப் போகும். இந்த அனுமதிகளுக்கு ஆகும் மாதங்களைத் திட்டக் காலத்தில் சேர்க்கச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது.

எதிர்காலம் பற்றிக் கேட்டீர்கள். அசோசியேட், ஆபீசர், மேனேஜர், அப்புறம் தலைவர் என்று நாலே படிதான், மேலே போகப் போக இடம் குறைவு. ஆனால் இந்த வேலை தெரிந்த ஆட்களும் குறைவு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வேலூர் சிஎம்சி, மதுரை அரவிந்தின் ஆராய்ச்சிப் பிரிவு, பெங்களூரு ஏட்ரீ மாதிரி நிதித் திட்டங்களால் ஓடும் இடங்கள் நம் பக்கம் நிறையவே உண்டு. ஒரு இடத்தில் ஐந்து வருடம் கற்றதை அப்படியே இன்னொரு இடத்துக்கு எடுத்துப் போகலாம். இப்போது பிஎச்டி முடித்தவர்களும் இந்தப் பக்கம் வருகிறார்கள். அவர்கள் விண்ணப்பம் எழுத உதவுவதில் கெட்டி, யுசி என்றால் நம்மைத் தேடுவார்கள். டிபிடி-வெல்கம் இந்தியா அலையன்ஸ் என்ற நிதி தரும் அமைப்பு ஆராய்ச்சி நிர்வாகத்துக்கென்றே ஒரு முயற்சி நடத்தியதும் இந்தத் துறைக்கு ஒரு பெயர் கொடுத்தது. அமெரிக்காவில் இதற்கு 1959-லிருந்தே சங்கம் இருக்கிறது, தேர்வெழுதிச் சான்றிதழும் வாங்குகிறார்கள். இங்கே அந்தச் சான்றிதழைக் கேட்டு யாரும் வேலை கொடுத்து நான் பார்த்ததில்லை, அதற்குப் பணம் கட்டாதீர்கள்.

நீங்கள் தேறுகிறீர்களா என்று பார்க்க என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. செலவு செய்வதற்கு முன் பி.ஐ.யிடமிருந்து போன் வருகிறதா, செய்த பின் வருகிறதா? என் இரண்டாம் வருடத்தில் ஒருவர் லேப்டாப் வாங்கி கன்ஸ்யூமபிள்ஸில் பில் கொடுத்தார். முடியாது என்றேன். "நீங்க ஆராய்ச்சியைத் தடுக்கறீங்க" என்று டைரக்டரிடம் போனார். விதியைக் காட்டி நான் ஜெயித்தேன், அவர் சொந்தப் பணத்தை இழந்தார். அடுத்த ஒரு வருடம் அவர் என்னிடம் எதையும் முன்னால் சொல்லவில்லை. எல்லாம் முடிந்த பிறகே பில் வரும். நஷ்டம் எனக்குத்தான். "முடியாது" என்பதோடு நிறுத்தாமல், எந்த ஹெட்டில் எப்படிக் கேட்டால் முடியும் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று புரிய நாளானது. போன மாதம் அதே மனிதர் ரிச்சி தெருவில் கடை வாசலில் நின்றுகொண்டு கூப்பிட்டார்: "மேடம், ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போறேன், எதுல போடட்டும்?"

நேர்காணலுக்கு முன் பொது நிதி விதிகள் 2017-ன் 9-ஆம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தூக்கம் வரும், எனக்கும் வந்தது. கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். கூச்சப்படாமல் இதைக் கேளுங்கள்: இந்தப் பதவிக்குச் சம்பளம் நிறுவனத்தின் சொந்த நிதியிலிருந்தா, ஏதாவது திட்டத்திலிருந்தா? திட்டத்திலிருந்து என்றால், அது எந்த மார்ச்சில் முடிகிறது?