தவளைமீனை அடையாளம் காண்பது எப்படி? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையில் டைவ் போனபோது மஞ்சளாக ஒரு தவளைமீனைப் படமெடுத்தேன். மறுநாள் அதே கடற்பஞ்சில் கறுப்பாக ஒன்று. இரண்டும் வேறு இனமா அண்ணா?

பதில்: நிறத்தை வைத்து இனத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரே இனத்தில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு, வெள்ளை எல்லாம் உண்டு. தங்கும் இடத்துக்கேற்ப ஒரே மீனே நிறம் மாறும். ஆனால் அதற்குப் பல நாள், சில சமயம் வாரங்கள் ஆகும். ஆகவே நீங்கள் பார்த்தது இரண்டு மீன்கள்.

இனம் தெரிய வாலைப் பாருங்கள். மூன்று வட்டப் புள்ளிகள் இருந்தால் பெரும்பாலும் ஆன்டெனேரியஸ் பிக்டஸ், அதாவது வண்ணத் தவளைமீன். உடம்பெல்லாம் மரு, துடுப்பு ஓரத்தில் சிவப்பு, தூண்டில் (இரையை ஈர்க்க வாய்க்கு மேலே நீட்டும் கோல்) நுனியில் குட்டி மீன் போன்ற தசை என்றால் மாக்குலேட்டஸ் என்ற இனம். தூண்டில் நுனி இறாலைப் போலிருந்து, மீனும் ஓரடிக்கு மேல் இருந்தால் காமர்சனி என்ற இனம். படம் தெளிவாக இருந்தால் கைபோன்ற பக்கத் துடுப்பின் கதிர்களை (துடுப்பைத் தாங்கும் குச்சி போன்ற எலும்புகளை) எண்ணுங்கள்: காமர்சனிக்குப் பெரும்பாலும் 11, பிக்டஸுக்கு 10. நான் அதிகம் நம்புவது இந்த எண்ணிக்கையைத்தான்.

கேள்வி: தூண்டில் என்பது மீசையா?

பதில்: இல்லை, முதுகுத் துடுப்பின் முதல் முள். அது வாய்க்கு மேலே நகர்ந்து வந்து தூண்டில்கோலாகிவிட்டது.

கேள்வி: இரையைப் பிடிப்பதைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லையே?

பதில்: முடியாதுதான். சுமார் 6 மில்லி விநாடியில் வாய் பல மடங்கு விரிந்து, தண்ணீரோடு இரையை உறிஞ்சிவிடும். தன் நீளத்துக்கு ஈடான மீனைக்கூட விழுங்கும். நான் மலைத்துப்போவது இதைவிட, அசையாமல் காத்திருக்கும் அதன் பொறுமையைப் பார்த்துத்தான். செவுள்துளையோ 'கை'க்குப் பின்னால் சின்ன ஓட்டையாக இருக்கிறது. மூச்சு விடுவதுகூட வெளியே தெரியாது. அவசரமென்றால் அதே துளை வழியே நீரைப் பீச்சி முன்னே பாயும்.

கேள்வி: தொட்டால் விஷமா?

பதில்: தவளைமீனுக்கு விஷமில்லை. ஆனால் பார்வைக்கு ஒத்த கல்மீனின் முதுகில் 13 விஷமுட்கள் உண்டு. இரண்டையும் மாற்றி நினைத்துவிட்டால் ஆபத்து உங்களுக்கு. தவளைமீனேதான் என்று தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். படத்துக்காகக் குச்சியால் நகர்த்துவதைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. அந்த மீன் மணிக்கணக்கில் காத்திருந்து பிடித்த இடம் அது.

கேள்வி: முட்டையைக் காவல் காக்குமா?

பதில்: பிக்டஸ் காக்காது. பசைபோன்ற நீண்ட நாடாவில் ஆயிரக்கணக்கான முட்டைகளை விட்டுவிடும்; அது மிதந்து போய்விடும்.