சிறு குறைகள் இருந்தாலும் நீடித்து உழைக்கும் மின்னூல் வாசிப்பானை வாங்கலாமா?

நீங்கள் தேர்ந்து வைத்திருக்கும் கருவியில் திரையின் அடியோரம் லேசான நிழல் தெரிகிறது, பக்கம் திருப்பிய பின்னும் முந்தைய பக்கத்தின் மங்கலான தடம் எஞ்சுகிறது, ஆனால் பல ஆண்டுகள் பழுதின்றி ஓடுவதாகவும் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு குறைகளுக்காக மட்டும் அதை ஒதுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வாங்கிய நாளில் இருந்த அளவிலேயே நிற்கும் குறை எது, நாளாக ஆக வளரும் குறை எது என்று பிரித்துப் பார்த்துத்தான் நான் முடிவெடுப்பேன்.

இத்தகைய வாசிப்பான்களில் உள்ள இ-இங்க் எனும் மின்மைத் திரையில் மின்னேற்றம் பெற்ற கருப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. நகர்ந்த பின் மின்சாரமே இல்லாவிட்டாலும் அதே இடத்தில் நிற்கின்றன. எல்லாத் துகள்களும் முழுமையாக இடம் மாறாதபோது பழைய பக்கத்தின் தடம் தங்கிவிடுகிறது. முழுப்பக்கப் படத்தைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், வரிகளுக்கு இடையே அந்தப் படத்தின் சாயல் சாம்பல் நிறத்தில் தெரியும். திரை ஒருமுறை கருப்பாகி வெள்ளையானால் மறைந்துவிடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் அப்படிச் செய்யும்படி பல கருவிகளில் அமைத்துக்கொள்ளலாம். அடியோர நிழலுக்குக் காரணம், விளிம்பில் வரிசையாக இருக்கும் எல்இடி விளக்குகள். இருட்டில் வெளிச்சத்தை வெகுவாகக் குறைத்தால்தான் அது கண்ணை உறுத்தும். வாசிப்பில் மூழ்கியவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

பேட்டரியின் கதை வேறு. வைஃபையை அணைத்து மூடிவைத்த கருவி ஒரே இரவில் கணிசமான சார்ஜை இழக்கிறது என்று பலரும் எழுதியிருந்தால், மற்ற சிறப்புகள் எத்தனை இருந்தாலும் நான் அதை வாங்கமாட்டேன். லித்தியம்-அயான் பேட்டரி எப்படியும் தேயும். தொடக்கத்திலேயே தடுமாறுவது பின்னால் சீராகப்போவதில்லை. பேட்டரியை மாற்ற முடியுமா என்பதையும் பாருங்கள். மின்னூல் வாசிப்பான்களைத் தயாரிக்கும் கோபோ நிறுவனம் 2024இல் வெளியிட்ட சில மாதிரிகளுக்கு, பழுதுபார்க்க உதவும் ஐஃபிக்சிட் தளத்தின் வழியாகப் பழுதுபார்ப்பு வழிகாட்டிகளுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ஏற்பாடு செய்தது. இத்தகைய வசதியை நான் கூடுதல் சேமிப்பிடத்தைவிட மேலாக மதிப்பேன்.

பெரும்பாலான திரைகளின் அடியில் மெல்லிய கண்ணாடித் தகடு இருப்பதால், பையில் கனமான பொருள் அழுத்தினாலே மேற்பரப்பில் கீறல் இல்லாமல் உள்ளே உடைந்து, பாதித் திரை உறைந்துபோகலாம். இதை மாதிரியின் குறையாகக் கொள்ளாமல், கெட்டியான உறை ஒன்றையும் சேர்த்தே செலவுக் கணக்கு போடுவது நல்லது.

தமிழில் படிப்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும், இதை நான் சிறு குறைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் உரிய இடத்தில் அமராமல் சிதறினாலோ, எழுத்தைச் சிறிதாக்கும்போது மெய்யெழுத்தின் புள்ளி மறைந்தாலோ ஒவ்வொரு வரியிலும் கண் இடறும். கடைக் கோப்புகள் சரியாகத் தெரிந்தாலும் போதாது, உங்களிடம் உள்ள இபப் (மின்னூல் வடிவம்) கோப்பு ஒன்றை ஏற்றிப் பாருங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் நூல்களே உங்களிடம் அதிகம் என்றால் ஆறு அங்குலத் திரை எந்த நிறுவனத்துடையதானாலும் படிப்பது சிரமம்தான்.

நூல்களை எப்படி ஏற்றுவது என்பதும் நம்பகத்தன்மையில் அடக்கம். அமேசான் 2025 பிப்ரவரி 26 முதல், தன் கிண்டில் வாசிப்பானுக்காக வாங்கிய நூல்களைத் தன் தளத்திலிருந்து கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியே மாற்றும் வசதியை நிறுத்திவிட்டது. கருவி பழுதாகாமலேயே அதன் பயன் இப்படிக் குறையலாம்.

வண்ணத் திரை வேண்டுமா என்று தயங்கினால், படக்கதைகள் படிக்காதவருக்குத் தேவையில்லை. கலைடோ 3 எனும் வண்ண இ-இங்க் திரையில் கருப்பு வெள்ளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்றால் வண்ணம் 150தான். மேலுள்ள வண்ண வடிகட்டியால் பின்னணியும் சற்று இருண்டிருக்கும்.

வாங்கியதும் திருப்பித்தரும் கெடு முடிவதற்குள், இருட்டறையில் மிகக் குறைந்த வெளிச்சத்தில் ஒருமுறை படித்துப் பாருங்கள். இரவு வைஃபையை அணைத்து, சார்ஜ் அளவைக் குறித்துவைத்து, காலையில் ஒப்பிடுங்கள். நிழல் தெரிந்தால் வைத்துக்கொள்ளலாம், சார்ஜ் கணிசமாக இறங்கியிருந்தால் தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.