லயத்துக்குப் பதில் கிடைத்த வீட்டில் ஹோம்ஸ்டே

ஹப்புத்தளையில், லிப்டன் சீட் என்னும் மலைக்காட்சி முனைக்குப் போகும் வீதியோரத்தில், தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) பதிலாக ஏழு பேர்ச்சஸ் காணியில் கிடைத்த வீட்டில் ஒரு அறையைப் பயணிகளுக்கு விடலாமா, பதிவு வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். விடலாம். ஆனால் பதிவு வேண்டும். 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்க சுற்றுலாச் சட்டத்தின் கீழ் வந்த இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் ஹோம்ஸ்டே என்றே தனிப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. அது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

சிக்கல் காணி உறுதியில்தான், அதாவது உரிமைப் பத்திரத்தில்தான். வீடு கையளிக்கப்பட்டும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் நம்மிடையே நிறைய. விண்ணப்பிக்கும் முன் பிரதேச செயலகத்தில் உங்கள் காணியின் நிலையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம், தோட்டத்துரை (தோட்ட மேலாளர்) சொன்னாலும் சரி.

மேல்மாடி எழுப்பும் எண்ணத்தை இப்போதைக்கு விடுங்கள். 2014இல் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லையே. நம் பதுளை மாவட்டத்தில் புதிதாகக் கட்ட, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதியும் கேட்பார்கள்.

அப்புறம், விருந்தாளிக்கு முக்கியம் சுடுதண்ணீரும் காய்ந்த கம்பளியும். பனிமூட்டத்தில் கம்பளி இரண்டே நாளில் ஈரவாடை அடிக்கும். அடுப்படிக் கொடியில் போட்டால் புகைநாற்றம் ஏறும், வெயிலடிக்கும் நேரம் பார்த்து வெளியே காயப்போடுங்கள். மூடுபனி ஏறுமுன் லிப்டன் சீட் போக விடியலிலேயே கிளம்புவார்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் கட்டிக் கொடுங்கள், அதற்குத் தனியாகக் காசு வாங்கத் தயங்காதீர்கள்.