சித்திரை வெயிலை நம்பி மிளகாய்க் கன்றை வெளியே வைக்கலாமா?

மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் இங்கிலாந்தில் உள்ள நம்மவர்களின் கேள்விகள் குவியத் தொடங்கிவிடுகின்றன. குளிர்காலம் முழுவதும் அடைந்து கிடந்தவர்களுக்கு மண்வெட்டியையும் நடைச் சப்பாத்தையும் கண்டதும் கை கால் துறுதுறுக்கும். வடமேற்கு லண்டனில் பதினெட்டு ஆண்டுகளாக ஓர் அலாட்மென்டை, அதாவது காய்கறி வளர்க்க வாடகைக்கு விடப்படும் தோட்டத் துண்டை, வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

ஹாரோ வாசகி: நான்கு ஆண்டுகள் காத்திருந்து இப்போதுதான் கவுன்சில் அலாட்மென்டில் அரைத் துண்டு கிடைத்தது. முழங்கால் உயரத்துக்குப் புல். ரோட்டவேட்டர் என்ற உழவு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒரே நாளில் உழுதுவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

வேண்டாம். முதலில் ஒரு முள்மண்வெட்டியால் நான்கைந்து இடங்களில் மண்ணைக் கிளப்பிப் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிய, நூலைவிடத் தடித்த வெள்ளை வேர்கள், தொட்டால் படக்கென்று ஒடிபவை, தெரிகின்றனவா? அது பைண்ட்வீட். கோடையில் வெள்ளைப் புனல் பூ பூத்துக் கண்டதையெல்லாம் சுற்றிக்கொள்ளும் கொடி. அதன் வேரில் ஒரு விரற்கடைத் துண்டு மண்ணில் தங்கினாலும் மறுபடி முளைக்கும். ரோட்டவேட்டர் ஒரு வேரை ஐம்பதாக நறுக்கி நீங்களே விதைத்ததுபோல் பரப்பிவிடும்.

முழுத் துண்டு என்பது பழைய அளவில் பத்து ராட், ஏறத்தாழ 250 சதுர மீட்டர். உங்கள் அரைத் துண்டு 125 சதுர மீட்டர். வேலைக்குப் போய்வரும் இருவருக்கு முதல் ஆண்டில் அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். மீதியில் புல்லை அடியோடு வெட்டிவிட்டு, ஒட்டுநாடாவை உரித்தெடுத்த அட்டைப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து, நனைத்து, மேலே கருப்பு விரிப்பைப் போட்டுக் கல் வையுங்கள். வெளிச்சம் இல்லாமல் புல் சாகும். பைண்ட்வீட் அவ்வளவு எளிதில் சாகாது, ஆனால் களைத்துப்போகும். திறந்த பங்கை மட்டும் கையால் கிண்டி வேரைப் பொறுக்குங்கள்.

ஒன்று மட்டும் கவனம். துண்டு பயிரிடப்படாமல் கிடந்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும். மூடி வைத்திருப்பது தோட்ட வேலையின் ஒரு பகுதிதான் என்று பொறுப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஈஸ்ட் ஹாம் வாசகர்: மிளகாய், தக்காளி, பாகல் கன்றுகள் ஜன்னலோரத்தில் செழிப்பாக நிற்கின்றன. சித்திரைப் புத்தாண்டன்று நல்ல நாள் பார்த்து வெளியே நடலாமா?

நல்ல நாளில் நடவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஏப்ரல் 14 இங்கே மிளகாய்க்கு நல்ல நாள் அல்ல. தெற்கு இங்கிலாந்தில் மே நடுப்பகுதி வரை உறைபனி விழலாம். வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் மே கடைசி வரை பொறுக்க வேண்டும்.

என் நான்காம் ஆண்டில், ஏப்ரல் கடைசி வாரம் தொடர்ந்து ஆறு நாள் வெயில். சட்டையைக் கழற்றிவிட்டு வேலை செய்தேன். இருபத்து நான்கு தக்காளிக் கன்றுகளை நட்டேன். பக்கத்துத் துண்டுக்கார ஆங்கிலேயர், எழுபது வயதுக்காரர், வேலி ஓரம் வந்து நின்று பார்த்துவிட்டு, என் பாத்தியில் குனிந்து உள்ளங்கையை மண்ணில் பதித்தார். ஒன்றும் பேசவில்லை. என் கையையும் பிடித்து அதே இடத்தில் வைத்தார். மேலே வெதுவெதுப்பு, விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டால் குளிர்சாதனப் பெட்டிக்குள் கைவிட்டதுபோல் இருந்தது. மூன்றாம் நாள் காலை போய்ப் பார்த்தபோது கன்றுகள் வெந்த கீரை நிறத்தில் சரிந்து கிடந்தன. இருபத்து நான்கில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, வானிலை அறிவிப்பில் மூன்று நான்கு டிகிரி என்று சொன்னாலும் தரைமட்டத்தில் பனி உறையலாம். முகில் இல்லாத, காற்று அசையாத இரவில் நிலத்தின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் துண்டு பள்ளத்தில் இருந்தால் மேட்டில் இருப்பவரைவிட ஒரு வாரம் கூடுதலாகப் பொறுங்கள்.

வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி, பட்டாணி எல்லாம் ஏப்ரலில் நேரே விதைக்கலாம். முளைக்கீரைக்கு மே கடைசி. உருளைக்கிழங்கைப் பெரிய வெள்ளியன்று நடுவது இந்த நாட்டு வழக்கம். ஆனால் பெரிய வெள்ளி மார்ச் 20க்கும் ஏப்ரல் 23க்கும் இடையில் எங்கும் வரும். மண் கையில் ஒட்டாமல் உதிர்கிறதா என்பதைப் பாருங்கள். வெளியே வந்த குருத்து பனியில் கருகினாலும் உருளை அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும், மண்ணை அணைத்துவிட்டால் தப்பிக்கும். தக்காளிக்கும் மிளகாய்க்கும் அந்த இரண்டாம் உயிர் இல்லை.

மிளகாய்க் கன்றுகளை இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகாத நாட்கள் வந்தபின், பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பத்து நாள் பழக்கி, பிறகு நடுங்கள். பாகலைத் திறந்தவெளியில் முயன்று பலமுறை ஏமாந்தேன். அதற்கு கிரீன்ஹவுஸ்தான்.

லெஸ்டர் வாசகர்: குதிரைலாயத்தில் இலவசமாகக் கிடைத்த எரு போட்டேன். போஞ்சியும் தக்காளியும் இலை சுருண்டு, நுனி முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. வைரஸ் நோயா?

நீங்கள் அனுப்பிய படத்தை நெடுநேரம் பார்த்தேன். புதுத் துளிர் கிண்ணம்போல் குவிந்து, நரம்புகள் இணையாக நெருங்கி, பெரணிக் குருத்துபோலச் சுருண்டிருக்கிறது. இது வைரஸ் என்று நான் நினைக்கவில்லை. களைக்கொல்லி.

அமினோபைராலிட் என்ற மருந்தைப் புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளை அழிக்கத் தெளிப்பார்கள். புல்லுக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் புல்லைக் காயவைத்துக் குதிரைக்குப் போட்டால், மருந்து குதிரையின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் அப்படியே இருக்கும். எரு மக்கிய பின்னும் எளிதில் போகாது. தக்காளி, உருளை, அவரை இனங்கள், கேரட் எல்லாம் மிகச் சிறிய அளவுக்கே முறுக்கிக்கொள்ளும். லாயக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். காய்ந்த புல்லை எங்கோ வாங்கியிருப்பார்.

இந்தப் பாத்தியில் இந்த ஆண்டு அவரை, தக்காளி வேண்டாம். எருவை நன்றாகக் கிண்டி மண்ணோடு கலந்துவிடுங்கள். மண்ணின் நுண்ணுயிர்கள்தான் அந்த மருந்தைச் சிதைக்கும். சோளம் நடுங்கள், அது புல் இனம், தாங்கும். மிச்ச எருவை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இனி எங்கிருந்து எரு வந்தாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மூன்று தொட்டியில் எருவும் கடைமண்ணும் சரிபாதி கலந்து, இன்னும் மூன்று தொட்டியில் கடைமண் மட்டும் நிரப்பி, எல்லாவற்றிலும் போஞ்சி விதை ஊன்றுங்கள். நான்கு வாரம் பாருங்கள். எருத் தொட்டியில் மட்டும் துளிர் முறுக்கினால் அந்த எரு உங்கள் தோட்டத்துக்குள் வரக்கூடாது. ஐந்து நிமிட வேலை. ஓராண்டு உழைப்பைக் காக்கும்.

கிராய்டன் வாசகி: ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் கீரை முழுவதையும் தின்றுவிட்டன. கொட்டகையில் நத்தையைக் கொல்லும் பழைய நீலக் குளிகைகள் இருக்கின்றன. போடலாமா?

குளிகைப் பெட்டியில் மெட்டால்டிஹைட் என்ற நச்சின் பெயர் இருந்தால் கூடாது. 2022 வசந்தத்திலிருந்து அதைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். முள்ளெலிகளும் பறவைகளும் அதனால் செத்தன. கவுன்சிலின் அபாயக் கழிவு இடத்தில் கொடுத்துவிடுங்கள். மழை விட்ட இரவில் பத்து மணிக்கு டார்ச்சும் வாளியும் எடுத்துப் போய்க் கையால் பொறுக்குங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து செய்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ரிக்மன்ஸ்வர்த் வாசகர்: செஸ் பள்ளத்தாக்கில் நடக்கப்போனோம். நடைபாதை விதைத்த வயலின் நடுவே மறைந்துவிட்டது. அடுத்த வயலில் கன்றுகளோடு பசுக்கள். பயந்து திரும்பிவிட்டோம். செய்தது சரியா?

பசுக்களைக் கண்டு திரும்பியது சரி. வயலைக் கண்டு திரும்பியிருக்க வேண்டியதில்லை.

கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் அது நடப்பவர்களுக்கான பொதுவழி. நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் கூட. வழி வயலின் குறுக்கே போனால் விவசாயி அதை உழலாம். ஆனால் முதல் உழவிலிருந்து 14 நாட்களுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு நடக்கும்படி சீராக்கித் தரவேண்டும். வயலோர வழியை உழவே கூடாது. எனவே ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடத்தில் பச்சைக் கோடு போகும் திசையில், ஒற்றை வரிசையாக நடந்துபோக உங்களுக்கு முழு உரிமை உண்டு. நம்மில் பலர் வேற்றுநாட்டில் பிறர் நிலத்தில் கால் வைக்கத் தயங்குகிறோம். அந்தத் தயக்கம் எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது. அந்த வழி உங்கள் வழியும்தான். சீராக்காமல் விட்டிருந்தால் கவுன்சிலின் பொதுவழிப் பிரிவுக்கு எழுதுங்கள்.

பசுக்கள் வேறு கதை. கன்று போட்ட பசு, ஊரிலும் சரி இங்கும் சரி, தாய்தான். அதற்கும் கன்றுக்கும் நடுவே போகாதீர்கள். ஓடாதீர்கள். வழியை விட்டு விலகிச் சுற்றிப்போய் மறுபடி வழியில் சேருங்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருந்து பசு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். பசுவின் கோபம் நாயின்மேல்தான், நாய் தப்பிக்கொள்ளும்.

ஸ்லவ் வாசகி: காட்டில் பூண்டு மணக்கும் இலைகள் விரிந்து கிடக்கின்றன. பறித்து வறை செய்யலாம் என்கிறார்கள். சாப்பிடலாமா? சட்டம் அனுமதிக்கிறதா?

காட்டுப் பூண்டு. வறைக்கு அருமையாக இருக்கும். தேங்காய்ப்பூவைக் கடைசியில் போட்டு இறக்கினால் போதும், வெங்காயத்தைக் குறையுங்கள். ஆனால் பறிக்கும்போது நிதானம் வேண்டும். அதே காட்டில், அதே ஈரத்தில், அதன் நடுவிலேயே லார்ட்ஸ் அண்ட் லேடீஸ் என்ற நச்சுச்செடி முளைக்கும். லில்லி ஆஃப் த வேலி இலையும் தோற்றத்தில் ஏமாற்றும். அது இதயத்தைத் தாக்கும். முகர்ந்து பார் என்பார்கள். பத்து இலை பறித்ததும் உங்கள் விரலே பூண்டாக மணக்கும், பிறகு மூக்கை நம்ப முடியாது. அதனால் பிடிப்பிடியாக அறுக்காமல் ஒவ்வோர் இலையாகப் பாருங்கள். காட்டுப் பூண்டில் ஒவ்வோர் இலையும் தனிக் காம்போடு நிலத்திலிருந்து எழும், நரம்புகள் நீளவாக்கில் ஓடும். நரம்பு வலைபோல் பின்னியிருந்தாலோ ஒரே தண்டில் இரண்டு இலை சேர்ந்திருந்தாலோ தொடாதீர்கள்.

வீட்டுத் தேவைக்கு இலை பறிப்பது இங்கிலாந்தில் திருட்டு ஆகாது. விற்பதற்குப் பறித்தால் ஆகும். நில உரிமையாளர் அனுமதியின்றிக் கிழங்கோடு பிடுங்குவது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இயற்கைக் காப்பிடங்களில் இலையும் பறிக்கக் கூடாது. பக்கத்தில் புளூபெல் என்ற நீலக் காட்டுப்பூ பூத்திருந்தால் பாதையை விட்டு இறங்காதீர்கள். மிதிபட்ட இலை மறுபடி நிமிராது, அடியிலுள்ள கிழங்கு பட்டினி கிடக்கும்.

சட்டன் வாசகர்: ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, கொண்டுவந்த முருங்கை விதையை அலாட்மென்டில் ஊன்ற வேண்டும் என்கிறார். பிழைக்குமா?

நிலத்தில் ஊன்றினால் முதல் குளிர்காலத்தைத் தாண்டாது. ஆழமான தொட்டியில் ஊன்றச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெளியே, பிறகு வெளிச்சமான ஜன்னலோரத்தில். காய் காய்க்குமென்று எதிர்பார்க்காதீர்கள், ஆனால் கீரை தரும். முளை ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வரும். அந்த முதல் கிள்ளலை அம்மாவின் கையால் செய்யவிடுங்கள்.